சுவரில் ஒரு தட்டு என்றால் நில்

சொந்த விருப்பத்துக்கு எந்தக் காரியமும் செய்யாத ஆண்பிள்ளை இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் லைன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். பெயர் வைண்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்க வேண்டும். அது தபால்காரருக்கே தெரியாது.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை மேலே எஞ்சின் அறையில் உட்கார்ந்து இயக்கியவர் அவர். அந்த வேலையின் பெயர்தான் வைண்டர். அங்கிருந்து பார்த்தால் கேஜும் தெரியாது, ஆளும் தெரியாது. மணிதான் கேட்கும். ஒரு மணி என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு மணி என்றால் இறக்க வேண்டும். மணி வராமல் ஓர் அங்குலம் நகர்த்தினாலும் யாருடைய தலையாவது போய்விடும். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வைண்டருக்கு மட்டும் இன்னும் யாராவது மணி அடித்தாக வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு அசைய மாட்டார், இரண்டாவதற்குத்தான் எழுவார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்த பிறகே சீட்டில் உட்காருவார்.

மனைவி காலமான பிறகு அவர் தனியாள். ஒரே மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வைண்டருக்குத் துணை பீடிதான்.

லைன் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அந்தச் சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அவர் அந்தப் பக்கம் பீடியைப் பற்ற வைத்தால் புகை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரும். என் கணவர் காலை ரயிலில் பெங்களூர் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகல் முழுவதும் வீட்டில் நான், ஒன்றரை வயதுப் பையன், என் கவலை ஆக மூன்று பேர்.

பையனுக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் பூனை கத்துவதுபோலச் சத்தம் வரும். நான் அந்த இடைவெளியில் செய்தித்தாளைத் திணித்தேன். ஈரத்துணி தொங்கவிட்டேன். அதுவும் போதாதென்று, காற்றில் எவ்வளவு அசுத்தம் இருக்கிறது என்று அளக்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். வைண்டர் பீடி குடித்தபோது அது மஞ்சள் விளக்கு காட்டியது. நான் காய்ந்த மிளகாய் தாளித்தபோது சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தியது. கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

இந்த நிலையில்தான் ஒருநாள் வைண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, நீ படிச்ச பொண்ணு. இந்த பாலிசி இன்னா சொல்லுதுன்னு கொஞ்சம் பார்த்து சொல்லு."

பையன் பிறக்கும்வரை நான் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையில் உட்கார்ந்திருந்தவள். எங்கள் லைனில் யாருக்குப் பாலிசி வந்தாலும் அது என் அடுப்படி வழியாகத்தான் போகும். எந்தப் பாலிசியில் எதற்குப் பணம் கிடைக்காது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பிள்ளைக்கு அடிப்பது காய்ச்சலா வெயிலா என்பதை மட்டும் மூன்று பேரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வேன்.

விஷயம் இதுதான். வைண்டருக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்தாக வேண்டும். மகனுடைய கம்பெனிப் பாலிசியில் அப்பாவுக்கும் இடம் உண்டு, ஆனால் இந்த வருடத்தோடு சரி. அடுத்த வருடம் முதல் பெற்றோரைச் சேர்ப்பதில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. கைக்காசில் செய்ய மகனுக்கு வசதி இல்லை. டாக்டரோ, "ஒரு மாசத்துக்கு மேல பீடிய நிறுத்திட்டு வாங்க. இந்த இருமலோட தையல் போட்டா தையல் பிச்சிக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பாலிசி முடிவதற்குள் ஆபரேஷன் முடிய வேண்டும், அதற்குள் பீடி நிற்க வேண்டும்.

பாலிசிக்காரர்களின் உதவி எண்ணுக்கு நானே பேசினேன்.

"பீடியை விடுறதுக்கு நிகோடின் சூயிங்கம் இருக்கே, அதுக்கு கவர் உண்டா மேடம்?"

"இல்ல மேடம்."

"கவுன்சலிங்குக்கு?"

"அதுவும் இல்ல மேடம். நுரையீரல், இதயம், கேன்சர் எல்லாத்துக்கும் உண்டு மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வைண்டர் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ கயிறு அறுந்து கேஜ் விழுந்தா துட்டு குடுப்பாங்க. கயித்துக்கு கிரீஸ் போட மட்டும் குடுக்க மாட்டாங்களா?"

அந்த மேஜையில் இத்தனை வருடம் உட்கார்ந்தவள் நான். "இது கவர் ஆகாது" என்று எத்தனையோ பேரிடம் தேன் ஒழுகச் சொல்லியிருக்கிறேன். ஏன் ஆகாது என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

சூயிங்கம் வாங்கிக் கொடுத்தேன். அது அவருடைய பல் செட்டில் ஒட்டிக்கொண்டது. "பங்சர் ஒட்டற சொல்யூஷன் மாதிரி கீது" என்று திருப்பித் தந்துவிட்டார். பீடிக் கட்டின் மேலேயே ஓர் இலவச உதவி எண் அச்சிட்டிருந்தது. அதில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள்: ஆசை வரும்போது உடனே பற்ற வைக்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள், உங்களைத் தடுக்கக்கூடிய ஒருவரைக் கூப்பிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வைண்டர் அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? எனக்கு நானே நிறுத்த தெரியாதும்மா. மணி வந்தா நிறுத்துவேன். ஆசை வந்தா நான் செவுத்துல மூணு தட்டு தட்டறேன். நீ ஒரு தட்டு தட்டினா நில்லுன்னு அர்த்தம்."

"ரெண்டு தட்டினா?"

"எறக்கு. பத்த வெச்சிடுவேன்."

"நான் ஏன் மாமா ரெண்டு தட்டப் போறேன்?"

முதல் நாள் காலையே சுவரில் மூன்று தட்டு விழுந்தது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டியதும் சந்தேகம் வந்துவிட்டது. மெதுவாகத் தட்டிவிட்டேனோ? அவருக்குக் காது வேறு மந்தமாயிற்றே? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தட்டு, உறுதியாக.

சற்று நேரத்தில் இடைவெளி வழியாகப் புகை வந்தது.

பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வைண்டர் கண்ணை மூடி, சொர்க்கத்தில் பாதித் தூரம் போயிருந்தார்.

"மாமா, இன்னா இது?"

"நீதானம்மா ரெண்டு அடிச்சே."

"முதல் தட்டு கேட்கலையோன்னு அடிச்சேன்."

"கேட்டுச்சே. நிறுத்தினேன். ரெண்டாவது வந்துச்சி, எறக்கிட்டேன்." பீடியின் சாம்பலைத் தட்டினார். "உன்ன மாதிரி ஒரு ஆளு சொரங்கத்து ஷாஃப்ட் வாயில மணி அடிச்சிருந்தா, எங்க ஷிப்ட்டுல ஒருத்தன் வீடு திரும்பியிருக்க மாட்டான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சத்தமே எழும்பக் கூடாது என்றானது. இஞ்சி பூண்டு இடிப்பதை நிறுத்தினேன். மறந்துபோய் இடித்த ஒரு நாள், கதவு தடதடத்தது. வைண்டர் செருப்பில்லாமல் நின்றார். "இன்னாம்மா, ஏழு எட்டு அடிக்கிறே? அது ஆக்சிடென்ட் மணியாச்சே, யாருக்கு இன்னா ஆச்சி?" ரசத்துக்கு இடித்தேன் என்றேன். நம்பாமல் உள்ளே வந்து பையனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுத்தான் போனார். ஆணி அடிக்க முடியாததால் காலண்டர் கட்டில்மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சுவரோரம் உட்கார்ந்து விரலால் தாளம் போட, நான் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். கல்யாணமாகி இவ்வளவு ஆசையாக அவர் கையைப் பிடித்தது அன்றுதான் என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

இருந்தாலும் காரியம் நடந்தது. நாளெல்லாம் விழுந்த மூன்று தட்டு மெல்ல மெல்லக் குறைந்தது. இருமலும் குறைந்தது. கடைசியில் ஒரு முழுப் பகல் தட்டே இல்லாமல் போனது. உயிரோடு இருக்கிறாரா என்று நான்தான் போய்ப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். நான் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். பையன் ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் போனான். டொக், டொக். அவ்வளவுதான். கைதட்டிச் சிரித்தான்.

புகை வந்தது.

"மாமா, அவன் குழந்தை மாமா."

"யாரு அடிச்சான்னு வைண்டர் கேக்கக் கூடாதும்மா. சிக்னல் வந்தா வந்ததுதான்." ஆனால் முகம் வெளுத்திருந்தது. பாதி பீடியை அவரே கீழே போட்டு மிதித்தார். யாரும் மணி அடிக்காமல் அவர் நிறுத்தியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வைண்டரோடும் அவர் மகனோடும் நானும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பாலிசி மேஜையில் பேச ஆள் வேண்டுமே. தமிழ் தெரிந்த டாக்டர். "கடைசியா எப்ப பீடி குடிச்சீங்க?" என்று கேட்டார். பாலிசி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். 'நிறுத்தி மாசமாச்சு' என்று வைண்டர் சொன்னால் போதும். சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். கண்ஜாடை அவருடைய சிக்னல் பட்டியலில் இல்லை.

"நிறுத்தினப்புறம் ரெண்டு வாட்டி சார். ரெண்டுக்கும் சிக்னல் இருந்துச்சி. மொதலாவது இந்தம்மா குடுத்தாங்க. போன வாரம் இந்தக் கொழந்த குடுத்துச்சி."

டாக்டர் என்னைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பையன் அவர் மேஜையைத் தட்டினான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், மணி, டம்ளர், ரசம் எல்லாம். சொல்லச் சொல்ல என் காதிலேயே அது பைத்தியக்காரத்தனமாக விழுந்தது. டாக்டர் எழுந்து வைண்டரை இருமச் சொன்னார், ஊதச் சொன்னார், நெஞ்சில் வெகுநேரம் குழல் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு பரவாயில்ல. பாலிசியோட கடைசி வாரத்துல செஞ்சிடலாம். ஆனா இனிமே ஒரு இழுப்புகூட ஆகாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அந்தச் சுவர் பக்கம் போகாதீங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரியவில்லை. பாலிசிதான் முடிந்துவிட்டது. பீடியையும் அவர் மறுபடி தொடவில்லை. மகன் பெங்களூருக்கே வந்துவிடச் சொன்னபோது, மாடி வீட்டில் மூச்சு முட்டும் என்று திரும்பிவிட்டார்.

பையனின் நெஞ்சில் இப்போது பூனை கத்துவதில்லை. அதனால் என் கவலைக்கு இடம் காலியாகிவிட்டது. இனி வைண்டருக்கு ஏதாவது வந்தால் எந்தப் பாலிசி கொடுக்கும்? மத்தியானம் பையன் தூங்கும்போது அவன் மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் பார்க்கிறேன். அப்புறம் சத்தமில்லாமல் போய்ச் சுவரில் காதை வைக்கிறேன். அந்தப் பக்கத்துக் குறட்டையும் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.