ஆறு பல் புன்னகைத் திட்டம்

ஒரு நாட்டின் நல்லாட்சி சட்டசபையில் இல்லை; மனு வாங்கும் குமாஸ்தாவின் முன்பற்களில் இருக்கிறது. இந்த மகத்தான உண்மையை 1996-லேயே கண்டுபிடித்தது அடையாற்றில் இருந்த எங்கள் குடிநீர்க் குறைகேட்பு அலுவலகம். கண்காணிப்பாளன் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

மனு ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் மயிலாப்பூர் சந்திரமௌலி. இருபது வருட வெற்றிலையில் அவர் பற்கள் காவியேறிக் கிடந்தன. மனுக்கள் குவிவதற்கு அந்தப் பற்களே காரணம் என்று மூன்று கூட்டம் போட்டு முடிவெடுத்து, ‘புன்னகைத் திட்டம்’ நிறைவேற்றினோம். தி.நகர் பல் டாக்டர் ஜவஹர் ஆறு முன்பற்களையும் லேசாகத் தேய்த்து, மேலே பீங்கான் வில்லை ஒட்டி அனுப்பினார். புது வாஷ்பேசின் போல ஒரு பளபளப்பு.

"எது சாப்பிட்டாலும் உடனே வாய் கொப்பளிக்கணும்னுட்டார் சார்," என்றார் சந்திரமௌலி. "ஆபீஸ் குழாய்ல காத்துதான் வரது. ஒவ்வொரு தடவையும் மயிலாப்பூர்ல ஆத்துக்குப் போய்ட்டு வரட்டுமா?"

அலுவலகப் பல்லுக்கு ஆபத்தா? பதறிப்போனேன். தினம் ஒரு தண்ணீர் லாரியைத் திருப்பிவிட்டு எங்கள் வாசல் தொட்டியை நிரப்ப உத்தரவு போட்டேன்.

பத்தாம் நாள், ஆற்றோரத் தெருவிலிருந்து சுலோச்சனா வந்தாள்.

"லாரி வந்து ஒம்போது நாளாச்சு நைனா. புள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல."

சந்திரமௌலி திட்டப்படி சிரித்தார்.

"பல்லு சோக்கா கீது. தண்ணி எங்க?"

"மனு மேலே போயிருக்கும்மா." மறுபடியும் சிரிப்பு.

அவள் வாசலைப் பார்த்தாள். தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது.

"இது எங்க தெரு லாரியாச்சே. இன்னாத்துக்கு இங்க நிக்குது?"

"நான் வாய் கொப்பளிக்க," என்றார் சந்திரமௌலி. பொய் சொல்ல வராத மனிதர். பல்லை மட்டும்தானே மாற்றியிருந்தோம்!

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். ‘மனுதாரர் திருப்தியுடன் திரும்பினார்’ என்று பதிவேட்டில் எழுதினேன்.

மை காய்வதற்குள் தெருவே வந்துவிட்டது. நாற்பது பிளாஸ்டிக் குடங்கள் தொட்டியைச் சுற்றி வரிசை கட்டின.

"நீ சிரிச்சிக்கினே இரு நைனா," என்றாள் சுலோச்சனா. "நாங்க புடிச்சிக்கினு போறோம்."

சந்திரமௌலிக்கு அன்றுதான் நிஜமாகவே சிரிப்பு வந்தது. தொட்டி காலியானதால் மத்தியானக் காபியைத் தியாகம் செய்தார்.

திட்டம் மாபெரும் வெற்றி. அலுவலகம் திறந்து எட்டு வருடத்தில் தீர்ந்த முதல் குறை இது என்று மேலிடத்துக்குப் பெருமையோடு அறிக்கை அனுப்பினேன். ‘குறையைத் தீர்த்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதினேன். நல்லவேளை, ‘உண்டாக்கியவர்’ என்று ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் அதே பெயரை இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கும்.