சிவப்பு மையில் ஒரு ‘வேண்டாம்’

மைசூரில் தபால்காரர்கள் யாருக்காவது பயந்தார்கள் என்றால், அது எங்கள் பக்கத்து வீட்டு ‘வாபஸ் சார்’ ஒருவருக்குத்தான். தொண்ணூறுகளில் லாட்டரி விளம்பரம், சேலைத் தள்ளுபடி, வழுக்கையில் முடி என்று கேட்காத காகிதமெல்லாம் வீடு தேடி வந்து கொட்டியது. நாங்கள் அதை விரித்து வடையில் எண்ணெய் ஒற்றினோம். அவர் சிவப்பு மையில் ‘வேண்டாம்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

“கவர் மேல யார் பேர் இருக்கோ, வாங்க மாட்டேன்னு சொல்றது அவங்க உரிமை சார். ரூல் இருக்கு!”

தபால்காரர் சிவண்ணா கன்னடம் கலந்த தமிழில் கெஞ்சிக் கும்பிடுவார். “ஸ்வாமி, நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்களேன். தினா நான் ரெண்டு தடவை சுமக்கணுமா?”

“கிழிச்சா, நான் வாங்கிட்டேன்னு ஆயிடும்!”

செய்தித்தாளுக்குள் செருகி வரும் நோட்டீஸுக்குத் தபால் விதி செல்லாதே? ஒரு மாதத்து நோட்டீஸைக் கட்டாகக் கட்டி, பஸ் ஏறிப்போய் ஜவுளிக்கடை முதலாளியின் மேஜையில் வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேட்டார். முதலாளி பயந்துபோய் காபி வரவழைத்தார். “நான் கேக்கலையே” என்று அதையும் திருப்பி அனுப்பிவிட்டார் மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமாபுரத்திலிருந்து அவர் மைத்துனர் வந்தார். வாபஸ் சாரோடு சண்டை போட்டுக்கொண்டு ஆறு வருஷமாகப் பேசாதவர். உள்ளே வராமல் கேட்டிலேயே நின்று ஒரு கவரை நீட்டினார். மகளின் கல்யாணப் பத்திரிகை. அச்சடித்த கவர், மூலைகளில் மஞ்சள், நடுவில் சிவப்பாக ‘வேண்டாம்’.

“அக்கா, என்ர புள்ள கல்யாணம் நெசமாலுமே உனக்கு வேண்டாமா?”

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் கணவரைப் பார்த்தார். வாபஸ் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலாசத்தைப் படித்தார். கவர் மனைவி பெயருக்கு வந்திருந்தது. அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை.

“தப்பு என்னுதுங்க மாப்ளே. அச்சடிச்ச கவருன்னு பேரைக்கூடப் பாக்கல. இவ பேருக்கு வந்ததை வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமையே இல்ல. உள்ள வாங்க.”

மைத்துனர் செருப்பைக் கழற்றினார். கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றது வாபஸ் சார்தான்.

அதன்பிறகு மனைவி பெயருக்கு வருவதையெல்லாம் அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். அந்த அம்மாள் சேலை நோட்டீஸை ஒரு வரி விடாமல் ரசித்துப் படிப்பார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு மாற்றலாகி ஊரை விட்டுப் போனபின், பயந்து பயந்துதான் அவருக்கு ஒரு புத்தாண்டு வாழ்த்து அனுப்பினேன். அச்சடித்த அட்டை வேறு. திரும்பி வரவில்லை. பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: ‘வேண்டும்’.

அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.