நரித்தோலில் பழுத்த மஅஃபாலா

‘தெரியாது’ என்று சொல்வதற்கு வாய் வராத ஒரு வயது எல்லோருக்கும் உண்டு. எனக்கு அது தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோவில், பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு காயின் உருவில் வந்து சேர்ந்தது.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் ஒரு இத்தாலியச் சின்யோரா அம்மாவின் வீட்டில், ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்ற நிபந்தனையில், தங்கிச் சமைக்கும் வேலைக்கு நின்றேன். கடைசி ஞாயிறு மதியம் உறவினர்களுக்கு விருந்து. அது சரிவந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால், என்னை அங்கே சேர்த்துவிட்ட சிவம் அண்ணையின் அறைக்குத் திரும்பி, மறுபடியும் அவருடைய குறட்டைக்குப் பக்கத்தில் பாய்.

அந்த வாரம்தான் சின்யோராவின் தம்பி நீனோ, கப்பல் இஞ்சினியர், சமோவாத் தீவிலிருந்து வந்து இறங்கினார். ஈரத்துணியில் சுற்றிய ஒரு காயை மடியிலேயே வைத்து விமானம் ஏறியிருக்கிறார். இரண்டு கைக்குள் அடங்கும் அளவு, முட்டை வடிவம், தோலெங்கும் சின்னச்சின்னக் கட்டங்கள். அந்தத் தீவாரின் பழைய சாதியாம், பெயர் மஅஃபாலா. ஞாயிறுவரை குளிர்ந்த தண்ணீரில் போட்டு வை, காயாகவே நெருப்பில் முழுசாகச் சுடவேண்டும், பிளந்தால் அடுப்பிலிருந்து எடுத்த புதுப் பாண்போல மணக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

நான் பணிவாகத் தலையாட்டினேன். (உள்ளே சிரித்தேன். பலாவுக்குத் தண்ணீர் காட்டுகிற மனுசன்!)

வேலை முடிந்து சிவம் அண்ணையைப் பார்க்கப் போனபோது சொன்னேன்.

“உனக்கு உது என்னெண்டு வடிவாத் தெரியுமோடா?”

“தெரியும் அண்ணை. பலா. சின்னச் சாதி. வெக்கையிலை வைச்சால் சுளை சுளையாய் வரும்.”

“அந்தாள் சுடச் சொன்னதெண்டாய்?”

“அவைக்குப் பலாவைப் பற்றி என்ன தெரியும்?”

மறுநாள் காலை, எங்கள் ஊர் முறைப்படி, காம்பில் ஒரு குச்சியை அடித்து இறக்கி உப்பு வைத்தேன். வெள்ளைப் பால் கொட்டியது. அடுத்து அதை மூடி வைக்கவேண்டும். பலெர்மோவில் வைக்கோலுக்கு எங்கே போவது? சாக்கும் இல்லை. அந்த வீட்டில் சூடான பொருள் என்று என் அறிவுக்கு எட்டியது ஒன்றே ஒன்று: சின்யோராவின் நரித்தோல் கோட். வசந்தம் பிறந்துவிட்டது, இனி யார் போடப்போகிறார்கள்? சுற்றிக் கட்டி, வெந்நீர்க் கொதிகலனின் மேல் படுக்கவைத்தேன். பலாக்கொட்டைக் கறியும் வைத்துத் தருவதாக சின்யோராவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு மதியம் மேசை நிறைந்திருந்தது. பரிமாற உதவிக்கு சிவம் அண்ணையும் வந்திருந்தார். கோட்டை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்து வந்தேன்.

“டேய், பிள்ளை பிறந்திருக்கோ?” என்று காதுக்குள் கேட்டார்.

மேசை நடுவில் வைத்து விரித்தேன். காயைக் காணவில்லை. பழமும் இல்லை. நரிமயிரில் ஒட்டிக்கொண்டு, மஞ்சளாக ஒரு கூழ் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பதற்றத்தில் கையை உள்ளே விட்டுச் சுளை தேடினேன். சுளை இல்லை. கொட்டை தேடினேன். ஒன்றுகூட இல்லை. சின்யோரா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். நான் மனதுக்குள் பாயை விரிக்கத் தொடங்கினேன்.

நீனோ ஒரு கரண்டியை எடுத்து, கோட்டில் படாத பக்கமாக அள்ளி வாயில் வைத்தார். கரண்டியை என்னிடம் நீட்டினார்.

நாக்கில் வைத்தேன். தேனா, பாலா, புளிக்கத் தொடங்கிய பாண்மாவா? கடல் தாண்டி வந்த ஒரு வெயில் வாய்க்குள் மெல்ல உடைந்தது. மேசையில் கரண்டிகள் ஒவ்வொன்றாக நீண்டன. எல்லோரும் ஒரு நரித்தோலைச் சுற்றிக் குனிந்து, கோவிலில் நிற்பவர்கள்போல் மௌனமாகச் சாப்பிட்டோம்.

கொட்டையைத் தேடாதே, இது பலா இல்லை, அதன் உறவான ஈரப்பலா என்றார் நீனோ. இந்தச் சாதிக்குப் பெரும்பாலும் விதையே கிடையாதாம். தானாகப் பரவாது. வேரில் கிளம்பும் கன்றை யாராவது பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, தங்கள் குடிதண்ணீரில் அதற்கும் பங்கு கொடுத்து அடுத்த தீவில் இறக்கினால்தான் அங்கே மரம். உலகத்திலேயே பெரிய கடலை ஒரு மரம் மனிதர் மடியில் இருந்தே கடந்திருக்கிறது. (நான் இத்தாலிக்கு வந்தது லொறிக்குள் ஒளிந்து. தண்ணீரில் யாரும் பங்கு தரவில்லை.)

சின்யோரா தன் கரண்டியைத் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: சமையலறை இவனுக்கு; அலுமாரிச் சாவி எனக்கு.

பல வருடங்கள் அங்கே சமைத்தேன். அலுமாரி மட்டும் எனக்குத் திறக்கவேயில்லை. பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்த என் பெண்பிள்ளைகள் இருவரும் கதையை சிவம் அண்ணையிடம் கேட்டு அறிந்துகொண்டார்கள். இன்றைக்கும் ரயில் நேரமோ, வரி விஷயமோ, “அது எனக்குத் தெரியும்” என்று நான் வாயெடுத்தால் போதும், ஒருத்தி மற்றவளைப் பார்ப்பாள். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்பாள்:

“பப்பா, கோட் எடுத்துக்கொண்டு வரட்டோ?”