412-ஆம் எண் காட்டுப்பன்றி

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு உடும்பு இருந்தது. மூன்று மாதம் ஜாவா படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டுப் பொந்தில் மாட்டியிருந்தது. அதன் நிரல்களை ஓட்டிப் பார்த்தது அது மட்டும்தான். பாராட்டியதும் அதுவேதான்.

அந்தக் கோடையில் காட்டில் ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியது. சிங்கராஜா உடும்பைக் கூப்பிட்டது.

"தண்ணி குடிக்க வர்றவங்களுக்கு ஒரு இணையப் பக்கம் செய். பேரைப் போட்டா அவங்கவங்க அந்தஸ்துப்படி வரிசை எண் வரணும். எனக்கு எப்பவும் ஒண்ணு. பக்கம் சொல்றதுதான் இனிமே சட்டம். அதுல தப்பு வந்துச்சு, மதியச் சாப்பாடு நீதான்."

சர்வரில் ஓடும் பக்கத்தை எழுத மாசிலாமணிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. "ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் ராஜா" என்றது.

வீடியோ பார்த்துப் படித்தது. பக்கம் அவரவர் போனில் தயாராவதில்லை. குகையிலிருக்கும் சர்வர் சமைத்து அனுப்புகிறது. அதுவரை புரிந்தது. ஆளுக்கொரு தட்டு வைக்க வேண்டும் என்ற பாடத்தில் தூங்கிவிட்டது. வருகிறவர் பெயரையெல்லாம் ஒரே தட்டில் போட்டது. தனியாகச் சோதித்தபோது பிரமாதமாக ஓடியது.

திறப்பு விழாவில் ஆமை முதலில் பொத்தானை அழுத்தியது. பின்னாலேயே சிங்கம். அதன் பின்னால் காட்டுப்பன்றி. சர்வர் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அடுத்து வந்தவரின் பெயரைப் பரிமாறியது.

ஆமையின் போனில், "வணக்கம் சிங்கராஜா! எண் 1." சிங்கத்தின் போனில், "வணக்கம் காட்டுப்பன்றியாரே! எண் 412."

சிங்கம் கவுன்டருக்குப் பாய்ந்தது. அங்கே ஒற்றைக்காலில் நின்ற கொக்கு நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சிஸ்டத்துல பன்றின்னுதான் வருது சார்."

சிங்கம் கர்ஜித்தது.

"இதெல்லாம் அத்தாட்சியா எடுத்துக்க முடியாது. ராஜா கையெழுத்துப் போட்ட கடிதம் கொண்டாங்க."

சிங்கம் பேனாவை எடுத்தது.

"நீங்க போட்டா எப்படி? அதோ ஒண்ணாம் எண்ணுல தண்ணி குடிச்சிட்டிருக்காரே, அவர் போடணும்."

மாசிலாமணி கோளாறைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரே ஒரு வரிதான். நாணயமான உடும்பு, பாவம். குட்டைக்கு ஓடி, பக்கத்தின்படி இப்போது ராஜாவான ஆமையிடம் உண்மையைச் சொன்னது.

"தப்பு என்னோடதுங்க. இப்பவே மாத்திடறேன்."

ஆமை தண்ணீரிலிருந்து வாயை எடுத்தது. "மாத்தினா நான் யாரு?"

"ஆமைங்க."

"அவரு?"

"சிங்கம்."

"நீ?"

மாசிலாமணி கவுன்டர் பக்கம் திரும்பிப் பார்த்தது. "மதியச் சாப்பாடு."

"அப்புறம் என்ன அவசரம்?" என்று ஆமை மறுபடி குடிக்கத் தொடங்கியது.

மாசிலாமணி இன்று காட்டின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. வார இறுதிகளில் சர்வர் நிரலாக்கம் கற்றுத் தருகிறது. தட்டுப் பாடத்தை மட்டும் தாண்டிவிடும். வரிசையின் கடைசியில் நாக்கு வறண்டு நின்ற சிங்கம் அதே பக்கத்தில் புகார் எழுதிப் போட்டது. அது எலியின் பெயரில் போய்ச் சேர்ந்தது. எலியை அழைத்துக் கண்டித்து அனுப்பினார்கள்.

நீதி: பிழையைக் கண்டதும் கை வைக்காதே, அது சரியானால் நீ யார் தட்டில் இருப்பாய் என்று முதலில் பார்.