ஓராள் கொமித்தே

பிரான்ஸ் தேசத்திலேயே ஒரேயோர் உறுப்பினரை வைத்துக்கொண்டு வெற்றிகரமாக இயங்கும் அரசியல் குழு எங்கள் கொமித்தே அண்ணைதான். தலைவரும் அவரே, செயலாளரும் அவரே. எதிர்க்கட்சி தேவைப்பட்டால் அதற்கும் அவர் தயார்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என் அரிசிக் கடைக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருக்கிறார். எங்கள் கடைக்காரர் சங்கம் கூடியபோது, தேர்தலில் நிற்பவர்களிடம் சின்னக் கடைகளின் குறைகளைச் சொல்ல ஒரு குழு வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். கை தூக்கியவர் அவர் மட்டும்தான். பிரெஞ்சில் குழுவுக்குக் கொமித்தே. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் காணாமற்போனது.

மாதம் தவறாமல் தையல் மெஷினுக்கு முன்னால் தனியாகக் கூட்டம் நடத்துவார், அறிக்கையும் எழுதுவார். ஒருமுறை அதில் 'தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது' என்றிருந்தது.

"என்னண்ணை, ஆர் தோற்கடிச்சது?"

"நான்தான். தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிச்சுப் பார்த்தன். கொண்டுவந்தவர் வடிவா விளங்கப்படுத்தேல்லை."

அரசியலில் அவருடைய ஒரே ஆயுதம் பொன்னாடை. "அமெரிக்காவிலை சங்கங்கள் இப்பிடிக் குழு வைச்சு வேட்பாளருக்குக் காசு சேர்த்துக் குடுக்கலாமாம், தம்பி. இஞ்சை சட்டம் விடாது. பொன்னாடை போத்த ஆர் தடுக்கிறது?" இடது, வலது, நடு என்று ஒருவரையும் விடாமல் போர்த்தினார். ஆர் வென்றாலும் எங்கள் ஆள் என்பது அவர் கொள்கை. சட்டம் பொன்னாடையைப் பற்றி என்ன சொல்கிறது என்று விசாரிக்க எங்களுக்குத் துணிவில்லை.

தேர்தல் முடிந்ததும் உண்மையான தலையிடி வந்தது. எங்கள் கடைகளுக்கு முன்னால் லொறி நிறுத்திச் சாமான் இறக்கும் இடத்தை எடுத்துவிடப்போவதாக நகரசபை அறிவித்தது. அது போனால் அரிசி மூட்டைகளை அடுத்த தெருவிலிருந்து சுமக்க வேண்டும். என் முதுகு ஏற்கெனவே பழுது. கடையை விற்றுவிட்டுப் புறநகர்ப் பக்கம் பொண்டியில் வீட்டோடு இருங்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அண்ணை கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கடைசியில், இடத்தைப் பார்க்க நகரபிதாவின் உதவியாளர் ஒருவர் நேரில் வருவதாகப் பதில் வந்தது. வடை, மாலை, பொன்னாடை எல்லாம் தயார்.

குறித்த நேரத்துக்கு ஒரு கறுப்புக் கார் லொறி நிற்கும் இடத்திலேயே வந்து நின்றது. டை கட்டிய, பனை உயர நெடுவல் ஒருவர் இறங்கினார். நெடுவல் வாய் திறக்க முதல் மாலை கழுத்தில், பொன்னாடை தோளில், வடை கையில். அண்ணை பிரெஞ்சில் உரையைத் தொடங்கினார்.

நடுவில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். "தள்ளி நில்லுங்கோ மதாம், பெரியாள் வந்திருக்கிறார்!" என்று அண்ணை பிரெஞ்சில் விரட்டினார்.

அந்த நேரம் பார்த்து என் அரிசி லொறி வந்தது. இடத்தில் கார். லொறி நடுத்தெருவில் நின்றது, பின்னால் பஸ், அதற்குப் பின்னால் முழு லா சப்பலும் ஹோர்ன் அடித்தது. நான் முதுகைப் பிடித்துக்கொண்டு மூட்டை இழுக்க, மழைக்கோட்டுப் பெண் ஓடிவந்து கடைக் கதவைப் பிடித்தார்.

"இடம் இல்லாவிட்டால் தினமும் இப்படியா?" என்றார்.

"ஓம் மதாம்."

நெடுவல் நாலாவது வடையை விழுங்கிவிட்டுத்தான் தன்னை அறிமுகப்படுத்தினார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பி மெஷின் விற்க வந்தவராம். நகரசபையிலிருந்து வந்தவர் மழைக்கோட்டுப் பெண்தான்.

அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண்ணோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரச்சினையை இவ்வளவு தத்ரூபமாக நடித்துக் காட்டியதற்கு நன்றி!"

"கொமித்தே ஏகமனதா முடிவெடுத்தது, மதாம்" என்றார் அண்ணை, கண் சிமிட்டாமல்.

இடம் அப்படியே இருக்கும் என்று பிறகு கடிதம் வந்தது. அதைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணை, உங்கட கடைக்கு ஒருநாளும் லொறி வாறேல்லையே. நூற்கட்டையைக் கைப்பையிலைதானே கொண்டுவாறியள். பிறகேன் இந்தப் பாடு?"

அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்கள் எல்லாரும் பூட்டிப்போட்டுப் போனா, நான் ஆரோட கதைக்கிறது?"

வெளியே என் லொறி வந்து நின்றது. எழும்ப மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பிரியம் எனக்கு, அந்த மனிதர்மீது.