வினோதினி ஓசூரில் இருக்கிறாள்

“ஓசூர்ல ஏது மயிலு?” என்று கேட்டான் அருண்பிரசாத்.

வினோதினி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றபடி மயில் அடுத்த தடவை கத்துவதற்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“இந்த ஆஸ்பத்திரி ஓனர் வளக்கறாருங்க.”

“மயில வளக்கறாரா? தேசியப் பறவைய வளக்கறது சட்டப்படி குத்தம்.”

அருண்பிரசாத் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். மனைவியிடம் போனில் பேசினாலும் பாடம் எடுக்காமல் விடமாட்டான்.

“வளக்கலங்க. அதுவா வருது. அரிசி போடறாரு, தின்னுட்டு போவுது.”

“ஓ, அப்படியா. சரி, நான் வேலூர்ல ட்ரெயினிங்ல இருக்கேன். சத்தமா பேச முடியல. நீ நாளைக்கு சாயங்காலம்தான வருவ? இன்னிக்கே வந்துட மாட்டியே?”

“நாளைக்குத்தாங்க.”

“நல்லது. இன்னொரு விஷயம். ஓசூர் வரைக்கும் போய்ட்டு அருணா அத்தைய பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்? நீ அங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டேன். கூப்பிடுவாங்க. ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்துடு.”

போனை வைத்துவிட்டான். வினோதினி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். அத்தை வீட்டுக்கு ஒரு எட்டு என்பது சாதாரண எட்டு இல்லை. ஓசூருக்கு நாலு மணி நேர பஸ் பயணம். ஏனென்றால் வினோதினி இருந்தது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்கு எதிரே ஒரு சந்தில், வாடகை அறை ஒன்றில். வெளியே வந்து ஆட்டோ பிடித்தால், அவளுடைய சொந்த வீட்டுக்குப் போகக் கால் மணி நேரம் போதும்.

பத்து வருஷமாக அவளுக்கு ஊர் சுற்றும் வேலை. லேப்களில் ரத்தம் பரிசோதிக்கிற மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். இன்று தர்மபுரி, நாளை கிருஷ்ணகிரி, அடுத்து ஓசூர். இந்தப் பயணத்துக்கு வீட்டில் வைத்த பெயர் ‘கேம்ப்’. கேம்ப் என்றதுமே எல்லாரும் அவளைப் பாவம் பார்ப்பார்கள். பார்க்கவேண்டிய பாவம்தான். முதுகுவலி, பஸ் ஸ்டாண்ட் கழிவறை, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ருசியில் இருக்கும் குருமா. மகள் இனியா பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதை வினோதினி செல்போனில்தான் பார்த்தாள். அதிலும் பாதி நேரம் முன்வரிசை ஆளின் பின்மண்டைதான் தெரிந்தது. அன்றைக்கு அரூர் லேப் ஒன்றில், யாரும் பார்க்காதபடி மெஷினுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

வெளியில் சொல்லாத இன்னொரு பக்கமும் அதற்கு இருந்தது. வேலையை முடித்து லாட்ஜ் அறைக் கதவைச் சாத்திவிட்டால், “என் சாக்ஸ் எங்க?” என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. காபி வேண்டுமானால் போனில் சொன்னால் போதும். குடித்துவிட்டு வைத்த டம்ளரை யார் கழுவுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

சில மாதங்களுக்கு முன்னால், பாதி மெஷின்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே லேப்டாப்பில் சரிபார்க்கக் கம்பெனி ஏற்பாடு செய்தது. கேம்ப் பாதியாகக் குறைந்தது. சந்தோஷமாக அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள், “நாளைக்கு ஊர்லதான இருப்ப?” என்று மூன்று பேரும் ஆரம்பித்தார்கள். மாமனாருக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டும். மிக்ஸி ஓடவில்லை. புருஷனுடைய பேன்ட்டில் ஜிப் போய்விட்டது. இனியாவுக்குக் களிமண்ணில் எரிமலை செய்ய வேண்டும்.

“இல்ல, நாளைக்கு ஓசூர் கேம்ப்” என்று வினோதினியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் ஏறவும் செய்தாள். பஸ் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டியது. அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை, இறங்கிவிட்டாள். சந்துக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட விடுதியில் அறை கேட்டாள். மேனேஜர் சகாதேவன் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தார். உள்ளூர்க்காரிக்கு எதற்கு அறை என்று கேட்கவில்லை. “சுடுதண்ணி காலைல மட்டும்தான் மேடம்” என்று மட்டும் சொன்னார். காலையில் லேப்டாப்பில் கம்பெனி வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை.

அதிலிருந்து அவ்வப்போது ‘ஓசூர்’ போய் வருகிறாள். இதுவரை மாட்டிக்கொண்டதில்லை.

போன் அடித்தது. அருணாதேவி அத்தை.

மாமனார் பலராமனின் தங்கை அவர். போன தீபாவளிக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வினோதினி நிஜமாகவே கேம்ப் போயிருந்தாள். புருஷனுக்கும் மாமனாருக்கும் ஏதோ வெளிவேலை. இனியா பள்ளி முடிந்து டியூஷன் போயிருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. அத்தை பொழுது சாயும்வரை படியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஓசூரிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரை மொத்த சொந்தமும், “மருமக ஊர் சுத்தறா, வீடு நாதியத்து கெடக்குது” என்று பேசியது. வேலையை விடச் சொல்லிப் பெரியவர்கள் கூடிப் பேசுமளவுக்குப் போய், வினோதினி தப்பித்ததே பெரும்பாடாகிவிட்டது.

“எங்கம்மா இருக்க? ஓசூர்ல எந்தப் பக்கம்?” என்றார் அத்தை.

“அத்தை! அங்க வேலை சீக்கிரமே முடிஞ்சிடுச்சு. நான் கிளம்பி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டேனே!”

“அடி சக்க! நானும் கிருஷ்ணகிரியிலதாம்மா இருக்கேன், மக வீட்ல. பஸ் ஸ்டாண்டு பின்னாடிதான். அங்கயே நில்லு, அஞ்சு நிமிஷத்துல வரேன்.”

வினோதினி கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தாள்.

“ஐயோ, பஸ் எடுத்துட்டாங்க அத்தை. திருவண்ணாமலை வண்டி. ஏறி உக்காந்துட்டேன்.”

“பஸ்ஸு சத்தமே கேக்கலையே?”

வினோதினி எட்டி ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். பழைய ஃபேன். கடகடவென்று மேற்கூரையே ஆடியது.

“இப்ப கேக்குதா அத்தை?”

“கேக்குது, கேக்குது. டப்பா வண்டியா இருக்கும் போல. சரி விடு. நாளைக்கு பௌர்ணமி. கிரிவலம் வரணும்னு ரொம்ப நாளா நெனச்சினு இருக்கேன். பின்னாடியே அடுத்த வண்டில நானும் ஏறிடறேன். நீ செங்கத்துல எறங்கி நில்லு. சேந்து வீட்டுக்கு போலாம்.”

“நீங்க நேரா வீட்டுக்கு வந்துடுங்களேன் அத்தை. நான் முன்னாடி போய் சமைச்சு...”

“மாம்பழக் கூட ஒண்ணு குடுத்து அனுப்பறாம்மா மக. ஒண்டியா தூக்க முடியாது. செங்கத்துல நில்லு. நின்னினு இரு.”

வினோதினி அப்படியே கணக்குப் போட்டுப் பார்த்தாள். கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவள் செங்கத்தில் இறங்கி நிற்க வேண்டுமென்றால், திருவண்ணாமலையிலிருந்து ஒருத்தி இப்போதே செங்கத்துக்குக் கிளம்ப வேண்டும். ஊருக்குப் போகாமல் இருப்பதற்காக அறை எடுத்தவள், ஊரிலிருந்து திரும்பி வருவதற்காக ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டது.

அதற்கு முன் வீட்டைத் திறந்து வைக்க ஆள் வேண்டும். இனியா டியூஷன் முடிந்து வர இருட்டிவிடும். இன்னொரு தடவை அத்தை பூட்டைப் பார்த்தால் அவ்வளவுதான். மாமனாரைக் கூப்பிட்டாள். பலராமன் மாதத்தில் நாலைந்து நாள் வேர்க்கடலை போட்ட நிலத்தைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போய்விடுவார். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்.

“மாமா, எங்க இருக்கீங்க?”

“வயல்ல நிக்கறேம்மா. மல்லாட்ட புடுங்கறாங்க. வெயிலு மண்டைய பொளக்குது!”

பின்னால் கடகடவென்று சத்தம்.

“என்ன மாமா சத்தம் அங்க?”

“அதுவா... மல்லாட்ட ஒடைக்கிற மெஷினும்மா.”

“அத்தை வராங்க மாமா. இன்னிக்கு சாயங்காலமே.”

மெஷின் சட்டென்று நின்றது.

“யாரு, அருணாவா? இன்னிக்கா?” பெரியவரின் குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது.

“நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்து வீட்ட தொறந்து வைக்க முடியுங்களா? நானும் கேம்ப முடிச்சுட்டு வந்துனே இருக்கேன்.”

“வந்துடறேம்மா. இதோ பஸ்ஸு புடிக்கறேன். அவளுக்கு பச்ச மல்லாட்டன்னா உசுரு. கொஞ்சம் கொண்டாரேன்.”

அடுத்து புருஷன். மணி முழுவதும் அடித்து ஓயும் நேரத்தில் எடுத்தான்.

“என்ன வினோ? ஹால்ல இருக்கேன்” என்று கிசுகிசுத்தான்.

“அத்தைய கிளப்பி விட்டீங்க இல்ல? அவங்க இன்னிக்கே நம்ம வீட்டுக்கு வராங்க. நானும் வரேன்.”

“நீயும் இன்னிக்கேவா? நாளைக்குன்னு சொன்னியே!”

“என்னங்க, நான் சீக்கிரம் வந்தா ஒங்களுக்கு என்ன கஷ்டம்?”

“சேச்சே, ஒரு கஷ்டமும் இல்ல. அலைச்சல் ஜாஸ்தி ஆவுமேன்னு பாத்தேன்.”

“பர்மிஷன் கேட்டு கிளம்பி வாங்க. இந்த வாட்டியும் வீட்ல ஆள் இல்லன்னா என் வேலைக்கே ஒல வச்சிடுவாங்க.”

“கேக்கறேன், கேக்கறேன். வேலூர்ல இருந்து வரணும் இல்ல? எப்படியாவது வந்துடறேன். நீ பதறாத.”

வினோதினி போனை வைத்தாள். எழுபது வயதை நெருங்கும் மனுஷர் உச்சி வெயிலில் வயல்வெளியில் நிற்கிறார். அவளுக்காக அடித்துப் பிடித்து ஓடிவரப் போகிறார். புருஷன் மேலதிகாரியிடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அவள் மட்டும் ஃபேனுக்கடியில் காலை நீட்டிக்கொண்டு, காலையில் கீழே காபிக் கடையிலிருந்து வரவழைத்த வாழைப்பழக் கேக்கின் மிச்சத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். கேக்கைப் பார்க்கவே கூசியது.

அத்தை கிரிவலம் முடிந்து ஊருக்குப் போகட்டும். போனதும் இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும். ஒரு நாள் தூக்கத்துக்காக இவ்வளவு நல்ல மனுஷர்களை ஏமாற்றுவது சரியில்லை. இப்படி முடிவு செய்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். மனசு மறுபடி கனத்தது. தலைக்குக் குளித்த கூந்தல் பளபளவென்று புரண்டது. நன்றாகத் தூங்கிய முகம் கல்யாணப் பெண்ணைப் போல இருந்தது. ஓசூரிலிருந்து டப்பா வண்டியில் வருகிறவளுக்கு இந்த முகம் செல்லாது. கூந்தலை இழுத்து முறுக்கி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டாள். இஸ்திரி போட்ட சுடிதாரை உருண்டையாகச் சுருட்டி, அதன்மேல் உட்கார்ந்து எழுந்து, பிறகு உடுத்திக்கொண்டாள். பால்கனிக் கைப்பிடியில் கையைத் தேய்த்து, அந்தப் புழுதியை நெற்றியில் லேசாகப் பூசிக்கொண்டாள். அது லேசாக இல்லை. துடைத்தாள். கறுப்பாகத் தீற்றிக்கொண்டு அடுப்பூதியவள் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி கழுவினாள். முகம் முன்னைவிடப் பளபளத்தது.

கழுவிய முகமும் கசங்கிய சுடிதாருமாக, டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். செங்கம் பஸ் சந்து முனையில் மெயின் ரோட்டில்தான் நிற்கும். ஓடினால் அத்தைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

சகாதேவன் மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ரூம காலி பண்றேங்க” என்று சாவியை வைத்தாள்.

“நாளைக்கு வரைக்கும் கட்டியிருக்கீங்களே மேடம்?”

“பரவால்லைங்க. அவசரமா ஊருக்குப் போவணும்.”

“போய்ட்டு வாங்க. பௌர்ணமிக்கு ரூம் கேட்டு ஆளுங்க நிக்கறாங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.” அவர் சாவியை ஆணியில் மாட்டினார். அங்கே ஏற்கெனவே இரண்டு சாவிகள் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போலக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மேடம், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க, பஸ் வந்துடும்.”

“ஒங்க மாமனாரு இப்பதான் மண்ணோட மல்லாட்ட எங்க கெடைக்கும்னு கேட்டுனு ஓடனாரு, ஒங்க வீட்டுக்காரரு வேலூர்ல இருந்து வர பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டுனு பின்பக்கமா ஓடனாரு, ஒரே வீட்டு அட்ரஸ்ல இருந்து மூணு பேரும் தனித்தனியா ரூம் எடுக்கறதுக்கு, மாச வாடகைக்கு ஒரு ஃபேமிலி ரூமா எடுத்துக்கினா கம்மியா வருமே மேடம்!”