டாலி எண்ணினால் ஒன்று கூடும்

அன்று எங்கள் வீட்டு ஹாலில் நின்றவர்கள் இவர்கள். வீட்டுக்காரர் அண்ணாச்சி. வீட்டு புரோக்கர். வீடு பார்க்க வந்த ஒரு புருஷன். அவர் பெண்டாட்டி. நான். என் மனைவி செல்வி. மாடியில் எங்களுக்குப் பக்கத்து அறையில் குடியிருந்த டாலி.

ஏழு பேர். பகல் இரண்டு மணி. நல்ல வெயில்.

டாலி ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார்.

"எட்டு," என்றார்.

திருவொற்றியூரில் வாடகையை ஏறவிடாமல் நிறுத்திய ஆள் ஒருவர்தான். கட்சிக்காரர் இல்லை. அதிகாரி இல்லை. காதில் சுண்ணக்கட்டி சொருகிக்கொண்டு திரிந்த இந்த டாலிதான். இன்றைக்கும் நான் பழைய ஏழாயிரம்தான் கொடுக்கிறேன். சொன்னால் என் கூட வேலை செய்கிறவர்களே நம்புவதில்லை.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணிக் கோடு போடுகிற வேலைக்கு டாலி என்று பேர். இருபது வருஷம் அதைச் செய்தார். வேலையின் பேரே ஆளின் பேராகிவிட்டது. சொந்தப் பேர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

நாலு கோடு நிமிர்த்திப் போடுவார். ஐந்தாவதை அதன் மேல் குறுக்கே போடுவார். அது ஒரு கட்டு. வேலை போன பிறகும் கை நிற்கவில்லை. தண்ணீர் லாரிக்கு வைத்த குடத்தை எண்ணுவார். எண்ணூர் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரியை எண்ணுவார். அதெல்லாம் சரியாகவே இருக்கும். மனிதரை எண்ணினால் மட்டும் ஒன்று கூடும்.

ஒரு தடவை டோல்கேட்டில் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் ஏறினோம். டிரைவர் ரோட்டைப் பார்த்துக் கத்தினார்.

"வா வா, பின்னாடி இன்னும் ஒர்த்தர் குந்தலாம்!"

"எங்க குந்துறது? ஃபுல்லா கீது," என்றார் டாலி.

"இன்னா தல, நாலு பேருதான கீறீங்க?"

"அஞ்சு. அந்தம்மா பக்கத்துல மூலையில குந்திகினு கீறான் பாரு. மேலெல்லாம் தூசியா."

மூலைப் பக்கம் இருந்தது ஒரு மீன்காரம்மா மட்டும்தான். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீதிக் காசு வாங்காமல் இறங்கிப் போய்விட்டது. நாங்கள் கால் நீட்டி உட்கார்ந்து போனோம். ஆனால் டாலி மட்டும் கடைசி வரை மூலைப் பக்கம் நகரவில்லை. ஓர் ஆள் இடம் விட்டே உட்கார்ந்திருந்தார்.

மெட்ரோ ரயில் வந்தது. நான் இன்னும் அதில் ஏறவில்லை. வாடகை ஏறிவிட்டது.

அடுத்த தெருவில் ஒரு வீடு. ஒரு ரூம், ஒரு ஹால், சமையல்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. பதினைந்தாயிரம் என்று போர்டு தொங்கியது. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. டாலி அதைப் பார்க்கப் போனார். குடி போக இல்லை. வெயிலுக்கு ஒதுங்க. வீட்டுக்காரர் திறந்து காட்டினார். பார்க்க வந்த வேறு மூன்று நாலு பேரும் இருந்தார்கள்.

டாலி சமையல்கட்டை எட்டிப் பார்த்தார். "வூடு நல்லாத்தான் கீது. உள்ள ஒருத்தர் நின்னுகினு கீறாரே, அவரு எப்ப காலி பண்ணுவாரு?"

வீட்டுக்காரர் சிரித்தார். வந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் பதினைந்து பதினொன்று ஆனது. பிறகு ஒன்பது ஆனது. வீட்டுக்காரர் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினார். டாலி போய் அதையும் எண்ணினார். ஒன்றுதான் இருந்தது.

அதிலிருந்து, வாடகை ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால் குடித்தனக்காரர்கள் டாலிக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போவார். எண்ணுவார். காசு வாங்க மாட்டார். டீயை மட்டும் இரண்டு கிளாஸாகக் கேட்பார். ஒன்றைக் குடிப்பார். இன்னொன்று ஆறிப்போகும்.

சாயங்காலம் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். நான் சாத்தாங்காடு மார்க்கெட்டில் இரும்பு வெட்டிவிட்டு வருவேன். செல்வி மீன் கம்பெனியிலிருந்து வருவாள். பெண் வருவாள், பையன் வருவான். ஒவ்வொருவர் படியேறும்போதும் சுவரில் ஒரு கோடு. நாலும் விழுந்த பிறகு குறுக்கே ஒன்று.

செல்விக்குப் பிடிக்கவில்லை. "அண்ணா, எம்புள்ளைங்கள எண்ணாதீங்க. கண்ணு பட்டுரும்."

"படாதும்மா. அதான் ஒண்ணு கூட சேத்துகினு கீறனே. கண்ணு வந்தாக்கூட கணக்கு புரியாம பூடும்."

"யாருண்ணா அந்த ஒண்ணு?"

டாலி சுண்ணக்கட்டியைக் காதில் சொருகிக்கொண்டார்.

ஒரு நாள் பையன் பந்து விளையாடிவிட்டு நேரம் கழித்து வந்தான். சுவரில் மூன்று கோடுதான் இருந்தது. டாலி சாப்பிடப் போகவில்லை. மழை வந்தது, நனைந்துகொண்டே இருந்தார். நாலாவது கோட்டைப் போட்ட பிறகுதான் எழுந்தார். அன்று செல்வி அவருக்குக் குழம்பு கொடுத்தனுப்பினாள். எண்ணாதீர்கள் என்று அப்புறம் சொல்லவே இல்லை.

எங்கள் முறை வந்தது. அண்ணாச்சி அரிசிக் கடை வைத்திருக்கிறார். தெற்கத்திக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"வெளிய பன்னெண்டாயிரம் போகுது வே. ஒமக்கு ஒரு மாசம் டைம். முடியலன்னா காலி பண்ணிரும்," என்றார்.

என் கூலிக்குப் பன்னிரண்டு தாங்காது. மணலி புதுநகருக்கு அப்பால் போனால் கிடைக்கும் என்றார்கள். அங்கே போனால் செல்வியின் வேலை போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். பெண் பத்தாவது.

மாதம் முடியவில்லை. அதற்குள் அண்ணாச்சி புரோக்கரோடு அந்தப் புருஷன் பெண்டாட்டியைக் கூட்டி வந்துவிட்டார். நாங்கள் இருக்கும்போதே பீரோ எங்கே வைக்கலாம் என்று பேசினார்கள். செல்வி சுவரோரம் நின்றாள். அப்போதுதான் டாலி வந்து எட்டு என்றார்.

புரோக்கர் எண்ணிப் பார்த்தார். "ஏழுதான் சார்."

"ஜன்னலாண்ட நின்னுகினு கீறத வுட்டுட்ட மாமு."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். காற்று இல்லை. வெளியே கொடியில் துணி அசையவில்லை. எங்கள் ஜன்னல் திரை மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு உள்ளே தள்ளிக்கொண்டு நின்றது.

வந்த பெண் மூக்கைச் சுளித்தாள். "பூண்டு வாசனை வருதே?"

செல்வி அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை.

அண்ணாச்சியின் முகம் மாறியது. "பூண்டு இல்ல தாயி. குடோன் வாடைல்லா அடிக்கி." மூட்டைக்குப் புழு மருந்து போட்டு மூடி வைத்தால் வரும் வாடை அது. அரிசிக்காரருக்குத் தெரியும். "ஏ டாலி, என்ன வே இது?"

"நான் இன்னா பண்ணேன் அண்ணாச்சி? எண்ணினேன். அவ்ளோதான்."

அந்தப் புருஷன், இங்கே லிஃப்ட் இல்லை என்றார். மாடி ஒன்றுதான். பெண்டாட்டி ஏற்கெனவே கீழே இருந்தாள். புரோக்கர் இரண்டிரண்டு படியாக இறங்கினார். ஒரு செருப்பு கழன்று நின்றுவிட்டது. டாலி அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை பின்னால் ஓடினார். ஓட ஓட புரோக்கர் இன்னும் வேகமாக ஓடினார். செருப்பு எங்கள் படியிலேயே வெகுநாள் கிடந்தது.

பிறகும் மூன்று பார்ட்டி வந்தது. மூன்றும் போனது. அண்ணாச்சி ஆள் கூட்டி வருவதை நிறுத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சும்மா சொல்றதுதானேண்ணா?" என்றேன்.

"நைனா, நான் டாலி. இல்லாதத எண்ண மாட்டேன்."

காதிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்தார். பிறகு சொன்னார்.

"கோதும கப்பலு. ஏழு பேரு அடித்தட்டுல எறங்கி செதறுனத கூட்டிகினு இருந்தாங்க. மேல வரும்போது நான் எண்ணணும். தூசியில எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சி. ஒருத்தன் மேல வந்தான், கயிற வுட்டுட்டேன்னு திரும்ப எறங்கினான், திரும்ப வந்தான். அவன ரெண்டு தபா எண்ணிட்டேன். ஏழுன்னு சொல்லிட்டேன். மூடிட்டாங்க. புழுவுக்கு மாத்திர போட்டுட்டாங்க. பூண்டு வாட அடிக்கும், தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

"மறுநாளு தொறந்தாங்க." கையில் இருந்த சுண்ணக்கட்டியை உருட்டினார். "அன்னிலேந்து, உள்ள மாட்டிகினவன் எங்கூடத்தான் வர்றான். நான் போற எடத்துக்கெல்லாம் வருவான். ஒரு தபா வுட்டுட்டு எண்ணிட்டேன். இனிமே வுடலாமா நைனா?"

நான் டீ சொன்னேன். இரண்டு கிளாஸ் அவருக்கு, ஒன்று எனக்கு.

ஆடி மாதம் டாலி போய்விட்டார். காலையில் பார்த்தபோது தன் அறையில் கதவைத் திறந்து வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சொந்தம் என்று யாரும் வரவில்லை. தெருவில் நாலு பேர் தூக்கினோம். டாலி ஒல்லி. தோளில் இரண்டு ஆள் கனம் இருந்தது.

சுண்ணக்கட்டி படியிலேயே கிடந்தது. அன்று சாயங்காலம் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். படியில் உட்கார்ந்தேன். செல்வி வந்தாள், பெண் வந்தாள், பையன் வந்தான். எனக்கும் சேர்த்து நாலு கோடு போட்டேன். குறுக்கே ஒன்று போட்டேன். கட்டு முடிந்தது. கை நிற்கவில்லை. பக்கத்தில் தனியாக இன்னொரு கோடு போட்டேன். செல்வி பார்த்தாள். அழிக்கச் சொல்லவில்லை. தினமும் போட்டேன்.

பதினாறாம் நாள் கழிந்து அண்ணாச்சி வந்தார். கையில் புது அக்ரிமென்ட்.

"பாவம் மனுசன். என்ன செய்ய?" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "இனி எண்ண ஆளில்ல வே. பன்னெண்டாயிரம். தண்ணிக்குத் தலைக்கு நூறு தனி. எழுதிக்கிடுவோம்."

செல்வி என்னைப் பார்த்தாள். பகல்தான். நல்ல வெயில். அடுப்பு பற்ற வைக்கவில்லை.

அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். ஜன்னல் பக்கம் திரும்பாமல் காகிதத்தையே பார்த்துக் கேட்டார். "வீட்ல எத்தன பேரு வே? நாலுதான?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்தத் தடவை திரை இரண்டு ஆள் அகலத்துக்கு நின்றது. ஒன்று ஒல்லி.

பயமாக இல்லை. எண்ணிச் சொன்னேன்.

"ஆறு."